பார்வை, செவிப்புலன் குறைந்தோருக்கான தொண்டு உதவிகளை யாழ்ப்பாணத்தில் பெறுவது எப்படி

என் பெரியம்மாவின் அலுமாரியில் ஒரு பிஸ்கற் தகரப்பேணி இருக்கிறது. அதற்குள் கிளினிக் கொப்பி, பழைய பங்கீட்டு அட்டை, காணி உறுதியின் போட்டோக் கொப்பி ஆகியவற்றுக்கு அடியில், நீல நிறச் சிறு பையொன்றில், எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தொண்டு நிறுவனத்தின் முகாமில் அவருக்குக் கிடைத்த காது மெசின் கிடக்கிறது. பற்றரி வைக்கும் சிறு கதவைத் திறந்தால் உள்ளே வெள்ளையாகப் பூத்திருக்கும். பெயர் கூப்பிட்டு, மேடையில் ஏற்றி, படம் எடுத்துக் கொடுத்த கருவி அது. மூன்று கிழமை வேலை செய்தது. கூடக் கொடுத்த பற்றரிகள் முடிந்தபோது, அதே அளவுப் பற்றரியை எங்கே வாங்கலாம் என்று கேட்பதற்கு ஒரு தொலைபேசி இலக்கம்கூட எங்களிடம் இருக்கவில்லை. கேட்டு வாங்கியிருந்தால் கிடைத்திருக்கும், நாங்கள் கேட்கவில்லை. அதன் பிறகு எங்கள் சனசமூக நிலையத்துக்கு வரும் முதியவர்களுக்கும் பெற்றோருக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துப் பழகியதில் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் வைத்தியசாலை

உதவி கேட்டு எந்த நிறுவனத்தின் படியை மிதிப்பதற்கு முன்னரும், குறைபாடு என்ன, அது எவ்வளவு, மருத்துவத்தால் திருத்தக்கூடியதா என்பன எழுத்தில் இருக்க வேண்டும். "கண் மங்கல்" என்பது ஒரு நோயின் பெயர் அன்று. கண்புரையாக இருந்தால் சத்திரசிகிச்சையால் பார்வை மீளும். கண் அழுத்த நோயாக இருந்தால் இழந்த பார்வை மீளாது, எஞ்சியதைக் காக்க நாள்தோறும் துளிமருந்து விட வேண்டும். நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தால் லேசர் சிகிச்சையோ ஊசியோ தேவைப்படலாம். வெறும் கண்ணாடி போதுமானதாகவும் இருக்கலாம். காதும் அப்படியே. காதுக்குள் இறுகிய குறும்பியை எடுத்தவுடன் "கேட்கிறது" என்று சிரித்துக்கொண்டு வீடு திரும்பியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

யாழ். போதனா வைத்தியசாலையில் கண், காது மூக்கு தொண்டைக் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. வடமராட்சியில் இருப்பவர்கள் மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையிலும், வலிகாமம் வடக்கில் இருப்பவர்கள் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, தேவையானால் அங்கிருந்தே கடிதம் பெற்றுக்கொண்டு செல்லலாம். நெடுந்தீவு, நயினாதீவு மக்களுக்குக் குறிகட்டுவானில் படகை விட்டு இறங்கிப் பேருந்து பிடிப்பதற்குள் கிளினிக் இலக்கம் முடிந்துவிடும் என்பதால், முதல் நாளே நகரில் உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. தூரத்தைச் சொல்லிக் கேட்டால் ஒரே நாளில் இரண்டு பரிசோதனைகளையும் முடித்துத் தரத் தாதியர் முயல்வதுண்டு.

கண்ணுக்கு, ஒவ்வொரு கண்ணின் பார்வை அளவும் (6/18, 3/60 என்பது போல) நோயின் பெயரும் கொப்பியில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கவும். நல்ல கண்ணின் பார்வை 3/60 என்ற அளவிலும் (60 மீற்றரில் தெரிய வேண்டியது 3 மீற்றரில்தான் தெரிவது) குறைவாக இருப்பதையே பார்வையின்மை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. காதுக்குக் கேள்திறன் பரிசோதனை செய்து, அதன் வரைபடத்தைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த வரைபடம் இல்லாமல் காது மெசின் கொடுக்க முன்வரும் எவரிடமும் சற்றுத் தயங்கியே கையை நீட்டவும்; அளவெடுக்காமல் தைத்த சட்டையைப் போன்றது அது.

கோவை ஒன்று தயாரித்தல்

கடையில் விற்கும் சாதாரண மட்டைக் கோவை போதும். தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், குடும்ப விபரத்துடன் கூடிய கிராம அலுவலரின் வதிவிட உறுதிப்படுத்தல், வைத்திய அறிக்கை, கேள்திறன் வரைபடம், வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம் ஆகியவற்றின் பிரதிகளை மூன்று மூன்றாக எடுத்து வைக்கவும். மூலப் பத்திரங்களை எவரிடமும் விட்டுவிட்டு வரக் கூடாது. பார்த்துத் திருப்பித் தருவதே முறை. உதவி கிடைக்க "பதிவுக் கட்டணம்" கேட்பவர் தொண்டு செய்பவர் அல்லர் என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவைக்கிறேன். ஒரு நிறுவனத்தைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் அதன் பதிவிலக்கத்தைக் கேட்கலாம். 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டம் தன்னார்வ சமூக சேவை நிறுவனங்களின் பதிவையும் மேற்பார்வையையும் பற்றியதே ஆகையால், இலக்கம் கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை.

இதே கோவையுடன் உங்கள் பிரதேச செயலகத்துக்குச் சென்று சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்திக்க வேண்டும். யாழ். மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. நீங்கள் வசிக்கும் பிரிவுக்கே செல்ல வேண்டும். அங்கே இருவகை நன்மை உண்டு. ஒன்று, மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு: 2025 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் இது 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. தகுதியும் வருமானமும் பார்த்தே வழங்குவர்; காத்திருப்புப் பட்டியலும் இருக்கும்; ஆயினும் பெயர் பதியாதவருக்குக் காத்திருப்பதற்கும் இடமில்லை. மற்றது, பலரும் கவனிக்காதது: வெளியிலிருந்து வரும் தொண்டு நிறுவனங்களும், வெளிநாட்டிலுள்ள ஊர்ச் சங்கங்களும், "உண்மையில் தேவையானவர்களின் பட்டியல்" என்று முதலில் கேட்பது இந்த உத்தியோகத்தரிடமே. அவருடைய கொப்பியில் உங்கள் பெயர் இல்லையென்றால், முகாம் பக்கத்து வீதியில் நடந்தாலும் அழைப்பு வராது.

கண்புரை முகாமுக்குச் செல்வோர்

கண்ணுக்கான தொண்டில் இங்கு அதிகம் நடப்பது கண்புரை சத்திரசிகிச்சைக்கான உதவியே. லயன்ஸ் கழகங்கள் உலகெங்கும் கண்ணைத் தம் பணியாகக் கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு: பார்வையும் செவிப்புலனும் ஒருங்கே இழந்த ஹெலன் கெல்லர் அம்மையார், 1925 ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த அவர்களின் மாநாட்டில், பார்வையற்றோருக்குத் துணை நிற்குமாறு வேண்டினார், அந்த வேண்டுகோளை அவர்கள் இன்றுவரை பற்றிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பகுதிக் கழகத்தின் உறுப்பினர் ஒருவரை, பெரும்பாலும் ஒரு கடைக்காரராகவோ ஓய்வுபெற்ற அதிபராகவோ இருப்பார், நேரில் கண்டு அடுத்த முகாம் எப்போது என்று கேட்பது கடிதம் எழுதுவதிலும் விரைவான வழி.

முகாமில் நடப்பது தெரிவு மட்டுமே. சத்திரசிகிச்சை பின்னொரு நாளில் வைத்தியசாலையில் நடக்கும். சீனியும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இல்லையென்றால் அன்றைய தினம் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால், தெரிவான நாளிலிருந்தே குளிசைகளை ஒழுங்காக எடுக்க வேண்டும். இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்கள் அதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. சத்திரசிகிச்சை பொதுவாக அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். சிரமம் அதற்குப் பின்னரே: வைத்தியர் சொல்லும் நாள்வரை, பெரும்பாலும் சில கிழமைகள், ஒரு நாளில் பல தடவை துளிமருந்து விட வேண்டும். தனியே வாழும் முதியவருக்கு இதைச் செய்ய யார் இருக்கிறார்கள்? உதவி செய்யும் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுவே. தங்கள் தொண்டரைக் காலையும் மாலையும் அனுப்ப முடியாவிட்டால், அயலிலுள்ள பிள்ளையொன்றுக்குக் கைகழுவி மருந்து விடப் பழக்கித் தரும்படி கேளுங்கள். முகத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வதும், கண்ணைக் கசக்காமல் இருப்பதும், குனிந்து வாளி தூக்காமல் இருப்பதும் எங்கள் கிணற்றடி வாழ்க்கையில் சொல்வது போல் எளிதன்று. நோவு கூடினாலோ, கண் சிவந்தாலோ, தெளிந்த பார்வை மறுபடி மங்கினாலோ, குறித்த திகதிவரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கருவிழி பழுதானவர்களுக்குக் கண்புரை முகாமால் பயனில்லை. அவர்களுக்கு வேண்டியது இறந்தவர் ஒருவரின் கருவிழி. வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் 1961 இலிருந்து இத்தொண்டைச் செய்து, பிற நாடுகளுக்கும் கருவிழிகளை அனுப்பிவருகிறது. செத்தவீட்டில் இதை நினைவுகூர்வது கடினம்தான். ஆயினும் குடும்பத்தில் ஒருவர் துணிந்து உடனே அறிவித்தால் போதும். அவர்கள் வரும்வரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி வைக்க வேண்டும்.

காது மெசின்

இதைப் பற்றிச் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கொடுக்கப்பட்டும் பயன்படாமல் போகும் உதவிகளில் இதற்கு இணை வேறில்லை.

காதுக்குப் பின்னால் வைக்கும் கருவிக்கு, காதின் உள்வடிவத்துக்கு ஏற்ப அச்செடுத்துச் செய்த மென்மையான அடைப்பு வேண்டும். அது பொருந்தாவிட்டால் கருவி "கீ" என்று கத்தும். வீட்டார் கருவி பழுது என்று கழற்றி வைத்துவிடுவர். வளரும் பிள்ளைக்குக் காதும் வளர்வதால் அச்சைக் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும். அடுத்தது, கருவியை அவரவர் வரைபடத்துக்கு ஏற்பக் கணினியில் இணைத்து ஒலியைச் சரிசெய்ய வேண்டும். மூன்றாவது பற்றரி. நாகமும் காற்றும் சேர்ந்து மின்சாரம் தரும் இந்தப் பொத்தான் பற்றரிகள் நான்கு அளவுகளில் வருகின்றன. ஒட்டியிருக்கும் தாளின் நிறத்தால் அடையாளம் காணலாம்: 10 மஞ்சள், 312 மண்ணிறம், 13 செம்மஞ்சள், 675 நீலம். தாளை உரித்தவுடன் பற்றரி வேலை செய்யத் தொடங்கிவிடும். கருவியில் போட்டாலும் போடாவிட்டாலும் அது தீர்ந்துகொண்டே போகும். ஆகவே தேவைப்படும் நேரத்தில் மட்டும் உரித்து, காற்றுப் புக ஒரு நிமிடம் வைத்து, பின்னர் போட வேண்டும். இதைத் தெரியாமல் "எல்லாம் தயாராக இருக்கட்டும்" என்று ஆறு பற்றரிகளின் தாளையும் ஒரே நாளில் உரித்து வைத்தது எங்கள் வீட்டுக் கதை.

ஆகவே, கருவியைப் பெறும் நாளில், நன்றி சொல்வதற்கு முன் பின்வருவனவற்றைக் கேட்டு, விடையை அவர்களைக் கொண்டே கோவையில் எழுதுவிக்கவும்: பற்றரியின் இலக்கம் என்ன, யாழ்ப்பாணத்தில் எங்கே கிடைக்கும், மாதத்துக்கு எத்தனை வேண்டும், எவ்வளவு காலத்துக்கு இலவசம், அச்சுத் தளர்ந்தால் யார் மாற்றுவர், ஒலியைத் திருத்த எங்கே போவது, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, அதற்கான பத்திரம் எங்கே. விடை தெரியாமல் அவர்கள் விழித்தால், கருவியை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் உறுதியான தொடர்பு இலக்கம் ஒன்றைப் பெறாமல் மண்டபத்தை விட்டு இறங்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் நாளே கோயில் திருவிழாவுக்குக் கூட்டிச் செல்லக் கூடாது. பல ஆண்டுகள் அமைதியில் இருந்த ஒருவருக்கு மின்விசிறியின் இரைச்சலும், சட்டி கழுவும் சத்தமும், முற்றத்துக் காகமும் ஒரே நேரத்தில் வந்து விழும். அமைதியான அறையில், ஒருவர் மட்டும் எதிரே இருந்து, முகம் தெரியும்படி மெதுவாகப் பேசி, நாளுக்கு ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கத்திப் பேச வேண்டாம். குளிக்கும்போது கழற்ற வேண்டும். இரவில் பற்றரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொதியுடன் மூடிய போத்தலில் வைக்க வேண்டும். எங்கள் மாரிக்கும் கடற்காற்றுக்கும் இது கட்டாயம்.

சிறு பிள்ளைகள்

குழந்தைக்குக் கேட்கவில்லை என்ற ஐயம் எழும்போது, "தகப்பனும் சுணங்கித்தான் கதைச்சவன்" என்று ஆச்சிமார் ஆறுதல் சொல்வது வழக்கம். அந்த ஆறுதலால் இழப்பு பெரிது. பிறந்து ஒரு மாதத்துக்குள் முதற் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதே உலகெங்கும் வைத்திருக்கும் இலக்கு. வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் தயங்காமல் சொல்லவும். கண்ணைப் பொறுத்தவரை, கமராவில் எடுத்த படத்தில் பிள்ளையின் ஒரு கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால், அது புற்றுநோயாகவும் இருக்கக்கூடும் என்பதால், அடுத்த நாளே கண் வைத்தியரைக் காண வேண்டும். உட்செவியில் பொருத்தும் கொக்லியர் கருவிக்கு நிதி திரட்டித் தரும் நல்லுள்ளங்கள் உண்டு. ஆனால் சத்திரசிகிச்சைக்குப் பின் ஆண்டுக்கணக்கில் பேச்சுப் பயிற்சியும், வெளிப்பாகத்துக்கான உதிரிப் பாகச் செலவும் இருப்பதால், அவற்றையும் சேர்த்தே விண்ணப்பத்தில் கணக்குக் காட்ட வேண்டும்.

படிப்புக்கு, 1956 ஆம் ஆண்டு முதல் கைதடியில் இயங்கிவரும் நவீல்ட் பாடசாலை இருக்கிறது. அதன் வேர், 1912 இல் மேரி சப்மன் அம்மையார் தெற்கில் தொடங்கிய செவிப்புலன், விழிப்புலனற்றோர் பாடசாலையில் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் தம் மொழியில் கற்பதற்காகவே கைதடியில் தனியே தொடங்கப்பட்டது. சுன்னாகத்தில் வாழ்வகம் விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கான இல்லமாக இயங்குகிறது. இரண்டையும் நேரில் சென்று பார்த்த பின்னரே பெற்றோர் முடிவெடுக்க வேண்டும். பிறெயில் என்றவுடன் பயப்படும் தாய்மாரிடம் நான் சொல்வது, அது வேறொரு மொழி அன்று, ஆறு புள்ளிகளில் எழுதும் எங்கள் தமிழே என்பதுதான்: முதற்புள்ளி மட்டும் இருந்தால் அ, முதலும் மூன்றும் இருந்தால் க. ஒரு மாலைக்குள் தாயும் சில எழுத்துகளைப் படித்துவிடலாம். சைகைமொழியும் அப்படியே வீட்டார் எல்லோருக்கும் உரியது. பிள்ளை மட்டும் படித்து வந்து வீட்டில் பேச ஆளில்லாமல் இருப்பது எந்தக் கருவியாலும் தீராத தனிமை. பரீட்சைக்கு மேலதிக நேரமும், விடையைச் சொல்லச் சொல்ல எழுதித் தருபவரின் உதவியும் பெற அதிபர் ஊடாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அரச வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 3 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்ற சுற்றறிக்கை 1988 இலிருந்து இருக்கிறது. நேர்முகத்துக்குப் போகும் பிள்ளை அதன் பிரதியைக் கையில் வைத்திருப்பதில் தவறில்லை.

வெள்ளைப்பிரம்பும் தொலைபேசியும்

பிரம்பு நிலத்திலிருந்து நெஞ்செலும்புவரை உயரம் இருக்க வேண்டும். ஒரே அளவில் நூறு பிரம்பு வாங்கிவந்து கொடுப்பது கட்டையானவருக்கும் நெட்டையானவருக்கும் உதவாது. நுனி தேய்ந்தால் மாற்றுநுனி வேண்டும். மதகு மூடியில்லாத வாய்க்கால்களும் படலைக்கு வெளியே சாத்திய சைக்கிள்களும் நிறைந்த எங்கள் ஒழுங்கைகளில் நடக்கப் பழக்குபவர் பிரம்பிலும் முக்கியம். அதையும் கேட்டுப் பெறவும். கூட நடப்பவர் பின்னால் தள்ளாமல் தன் முழங்கையைப் பிடிக்கக் கொடுத்து அரையடி முன்னே நடக்க வேண்டும்.

நன்கொடையாளர் "வேறு என்ன வேண்டும்" என்று கேட்டால், ஒரு நல்ல அன்ட்ரொயிட் தொலைபேசியைக் கேட்கத் தயங்க வேண்டாம். அதிலுள்ள டோக்பாக் தமிழில் திரையை வாசிக்கும். கணினித் திரையை வாசிக்க என்விடிஏ என்ற மென்பொருள் 2006 இலிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. காது கேளாதவருக்கு, பேசுவதை எழுத்தாகக் காட்டும் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி உண்டு. வங்கிக் கவுண்டரில் அது பயன்படும், எங்கள் பேச்சுத்தமிழில் சில வேளை சறுக்கினாலும்.

கடிதம் எழுதுதல்

கனடாவிலோ லண்டனிலோ உள்ள ஊர்ச் சங்கத்துக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. துன்பக் கதையை நீட்டுவதிலும், "இடது காது, வலது காது இரண்டுக்கும் கருவி, ஓராண்டுக்கான 13 ஆம் இலக்கப் பற்றரி, இரண்டு தடவை அச்சு மாற்றும் செலவு" என்று பொருளும் கால அளவும் எழுதி, விலைக்கூற்றை இணைப்பதே அவர்களுக்கு முடிவெடுக்க உதவும். படம் எடுப்பது பற்றியும் அதே கடிதத்தில் ஒரு வரி எழுதலாம்: பெறுபவர் சம்மதித்தால் மட்டும், பெயர் இன்றி. கண் தெரியாதவரிடம் கமரா எப்பக்கம் இருக்கிறது என்றுகூடச் சொல்லாமல் படம் பிடித்து முகநூலில் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு எதிராக ஒரு வரி எழுதியதால் எவருக்கும் உதவி நின்றதாக நான் அறியேன்.

உதவி கிடைத்து ஆறு மாதத்தில் இன்னொரு கடிதம் எழுதவும். கருவி நாளுக்கு எத்தனை மணித்தியாலம் காதில் இருக்கிறது, என்ன பழுது வந்தது, பற்றரி எத்தனை மீதி என்று அதில் இருந்தால் போதும். பற்றரி மாற்றிய திகதிகளைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அந்தந்த நாளின்மேல் வட்டமிட்டு வந்தால், கடிதம் எழுத உட்காரும்போது கணக்கு அங்கேயே இருக்கும்.